ஆள் வராத மெஷின்கள்

அக்டோபர் 17, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து இன்று மதியம் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நானும் என் மகளும்.

கம்பெனியில் மணிக்கு ஒருதரம் எத்தனை பீஸ் ஆயிற்று என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் நாற்பது டெய்லர்களை மேய்க்கிற லைன் சூப்பர்வைசர் நான். சும்மா படுத்துக் கிட என்றால் எனக்கு வராது. அதனால் கம்பெனியில் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது.

மகள் செவ்வாய்க்கிழமை பிறந்தாள். இரண்டு கிலோ நூறு கிராம். தலை கொஞ்சம் சின்னது. உடம்பில் அங்கங்கே கடுகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். காது டெஸ்ட் எடுக்கிற ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டாராம், பண்டிகை முடிந்து வரச் சொன்னார்கள். மெர்லின் என்று ஒரு குழந்தை டாக்டர் அந்தப் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளையை யாரும் அப்படிப் பார்க்க வேண்டாம்.

அம்மா காரணமே கண்டுபிடித்துவிட்டாள். "கெரகணத்தன்னிக்கு மொட்டமாடில போயி நின்னீல்ல. வேண்டாம் வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப பாரு."

நின்றேன்தான். செப்டம்பர் மாதம், எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, சிவப்பு நிலாவைப் பார்த்தேன். அழகாக இருந்தது. மறுபடி வந்தால் மறுபடியும் போவேன்.

"தலய எண்ணெ வெச்சு உருட்டி உருட்டித் தண்ணி வாத்தா நேராயிரும்" என்கிறாள். அப்புறம் சட்டம்: முப்பது நாள் கழியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. எங்கள் அம்மா துளசிமணி போட்ட சட்டத்தை எங்கள் அப்பாவே மீறியதில்லை, அவர் இருந்தவரைக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலை நாலரைக்கே தெருவில் ஆயிரம் வாலா. அண்ணன் பூபதியின் பையன் மிதுன், இரண்டு வயது, அண்ணி கீர்த்தனாவின் சேலைக்குள் புகுந்துகொண்டு வரவே மாட்டேன் என்றான். எதிர்வீட்டு நாய் எங்கள் கட்டிலுக்கடியில் வந்து ஒண்டியது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிட்டது.

என் மகள் தூங்கினாள். ஜன்னலுக்கு நேர் கீழே லட்சுமி வெடி. இமைகூட அசையவில்லை.

ஒன்பது மாதம் நாற்பது மெஷின் சத்தத்துக்குள்ளே கிடந்தவள். பட்டாசெல்லாம் அவளுக்கு எந்த மூலைக்கு. எல்லோரிடமும் இதைச் சொன்னேன். மிதுனிடம்கூடச் சொன்னேன், "பாப்பா பாரு, பயந்தாளா?" என்று.

அக்டோபர் 21, செவ்வாய்

குக்கர் ஆறு விசில். தூங்கினாள்.

அக்டோபர் 23, வியாழன்

பால் சரியாகக் குடிக்கிறாள். மலம் மஞ்சளாகப் போகிறது. அம்மா தலையை உருட்டி உருட்டி ஊற்றுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. எட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டேன்.

சாயங்காலம் தூக்குப்போசியின் மூடி கைதவறி விழுந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மறுபடியும் கைதவறி விழுந்தது. மூன்றாவது முறை விழுவதற்குள் அண்ணி வந்து மூடியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் நல்ல மாதிரி.

அக்டோபர் 26, ஞாயிறு

என் வீட்டுக்காரர் யுவராஜ் வந்தார். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், வாரத்தில் ஞாயிறுதான் லீவு. வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை அவள் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சாவி இருக்குதான்னு பாத்தேன்."

கிளம்பும்போது நானே ஜன்னல் வழியாகச் சொன்னேன், வண்டி ஹாரனை ஒருதரம் அடியுங்கள் என்று. அடித்தார். இன்னொரு தரம் என்றேன். நாலாவது முறை எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என்னப்பா என்று கேட்டார்.

தூக்கக்காரி. அவள் அப்பா குடும்பமே அப்படித்தான்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர் மெர்லினே போன் செய்தார். நர்சு அல்ல, டாக்டரே.

"சுகந்தி, காது டெஸ்டுக்கு நீங்க வரவே இல்லயே. அந்தப் புள்ளிங்க இருக்கா, மறைஞ்சிடுச்சா?"

"பாதி மறைஞ்சிருச்சுங்க."

"பிள்ளையைக் கொண்டு வாங்க. ஒரு வைரஸ் இருக்கான்னு பார்க்கணும். எச்சில், மூத்திரம் ரெண்டும் எடுப்போம், ஊசி எல்லாம் இல்ல. ஆனா பிறந்த மூணு வாரத்துக்குள்ள எடுத்தாத்தான் அது வயித்துக்குள்ளயே வந்ததுன்னு சொல்ல முடியும். அதுக்கப்புறம் எடுத்தா, வெளிய வந்து தொத்தினதா உள்ள தொத்தினதான்னு தெரியாது. தெரியாம நான் மருந்து ஆரம்பிக்க முடியாது. செவ்வாய்க்கிழமைதான் கடைசி."

மருந்து எதற்கு என்று கேட்டேன். காதுக்கு என்றார். என் காதில் குப்பென்று சூடேறியது. "எம்புள்ளைக்குக் காதுக்கு என்னங்க கேடு?" என்று கேட்டுவிட்டு நானே போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் போய்க் குளித்தேன். தண்ணீர் தீரும்வரை குளித்தேன்.

நவம்பர் 1, சனி

அம்மாவிடம் சொன்னேன். முப்பது நாள் சட்டம் பதின்மூன்றாம் தேதிதான் முடிகிறது. டாக்டர் சொல்வது நாலாம் தேதி.

"கெரகணத்துல போயி நின்னதுக்கு டாக்டரு என்னத்தப் பண்ணுவா? முப்பது கழியட்டும், குலதெய்வத்துக்கு அபிஷேகம் வெச்சுட்டுப் போலாம்."

"அதுக்குள்ள நாள் போயிரும்மா."

"பச்ச ஒடம்ப வெச்சுக்கிட்டு, பொடுசத் தூக்கிக்கிட்டு அந்த ஊருச் சீக்கெல்லாம் கெடக்கற எடத்துக்குப் போவியா? உனக்கென்ன கிறுக்கா?"

யுவராஜுக்குப் போன் போட்டால், "அத்தை சொல்றதையும் பாக்கோணும்ல" என்கிறார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. துணி ஒன்றும் காயவில்லை. அம்மாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. மிதுன் பாப்பாவுக்குப் பாதி கடித்த பிஸ்கட்டைக் கொடுக்க வந்தான், அண்ணி இழுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அவள் பக்கத்தில் படுத்து, காதுக்குள் வாயை வைத்து அவள் அப்பாவின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். லைனில் ஆட்களைக் கூப்பிடுகிற என் குரலில், முழுக் குரலில், சொன்னேன். கூடத்திலிருந்த அம்மா ஓடிவந்தாள் என்னவோ ஏதோவென்று. மகள் என் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நாளைக்குப் போகிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும்.

நவம்பர் 3, திங்கள்

போனேன்.

காலையில் அம்மா தண்ணீர் காய வைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையைத் துண்டில் சுற்றினேன். வாசலுக்கு வந்ததும் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வாசப்படியத் தாண்டுனீன்னா அப்பறம் என்ற கிட்ட வராத."

"சரி, வரல" என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். தையல் போட்ட இடம் சுருக்கென்றது, அவளுக்குத் தெரியாத மாதிரி நிமிர்ந்து நடந்தேன். ஆட்டோவில் ஏறித் திரும்பினால், அண்ணி ஓடிவந்து பிள்ளையின் குல்லாவை நீட்டினாள். "அத்தைதான் குடுத்துவுட்டாங்க. காத்து அடிக்குமாம்."

காது டெஸ்ட் முதலில். தூங்குகிற பிள்ளையின் காதில் சின்னதாக ஒன்றைச் செருகி, மெஷினைத் தட்டினார் அந்த ஆள். இடது காது. வலது காது. மறுபடி இடது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். எங்கள் கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் வந்து சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும்.

டாக்டர் தலையை டேப் வைத்து அளந்தார். வாய்க்குள் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்தார். மூத்திரத்துக்கு ஒரு பையை ஒட்டினார்கள். என் மகள் பையில் போகவில்லை. பையைக் கழற்றி வேறு ஒட்டலாமென்று டாக்டர் குனிந்தபோது நேராக அவர் கோட்டில் பெய்தாள். நல்லவேளை, கீழே வைத்திருந்த புட்டியிலும் கொஞ்சம் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டார் டாக்டர், கோட்டைத் துடைத்துக்கொண்டே.

"அண்ணன் பையன் இருக்கான். ரெண்டு வயசு. ப்ளே ஸ்கூல் போறான்."

"ஆரம்ப மாசங்கள்ல அவனோட எச்சில் சாப்பாடு, அவன் குடிச்ச டம்ளர், இப்படி ஏதாச்சும்?"

ஏன் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் இந்த வைரஸ் மாசக்கணக்கா இருக்கும். அதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. பெரியவங்களுக்கும் ஒரு சளி மாதிரி வந்து போயிடும். வயித்துல இருக்கிற குழந்தைக்குத்தான் பிரச்சினை. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது சுகந்தி. பஸ்ல வந்திருக்கலாம். சும்மா எழுதி வெக்கத்தான் கேக்கறேன்."

தெரியலைங்க என்றேன்.

மார்ச் மாதம், மசக்கை. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வரும். கம்பெனியில் இருந்து நேராக அம்மா வீட்டுக்கு வந்து சுவரோரம் சுருண்டு கிடப்பேன். என்னென்னவோ செய்து கொடுத்தாள் அம்மா, ஒன்றும் நிற்கவில்லை. ஒருநாள் மிதுன் தின்று மிச்சம் வைத்த ரசஞ்சோற்றை உருட்டி என் வாயில் வைத்தாள். "புள்ள எச்சில் எச்சிலா? தின்னு கண்ணு, நிக்கும்." நின்றது. அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். அதிலிருந்து நான் வரும் நேரத்துக்குத்தான் மிதுனுக்கே சோறு ஊட்டுவாள், கொஞ்சம் மிச்சம் வருகிற மாதிரி.

இத்தோடு போதும். கை வலிக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. இருக்கிறது. எச்சிலிலும் இருக்கிறது, மூத்திரத்திலும் இருக்கிறது.

யுவராஜ் லீவு போட்டுவிட்டு வந்தார். உச்சிக்குழி மேலே ஜெல்லைத் தடவி, அந்த வழியாகவே தலைக்குள்ளே ஸ்கேன் பார்த்தார்கள். அம்மா எண்ணெய் வைக்கிற அதே இடம். திரையில் கறுப்பாக இரண்டு குழி, குழியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். "மூளைக்கு நடுவுல இந்த ரெண்டு அறைங்க இருக்கில்ல, இதோட சுவர்லதான் தாய் செல்லுங்க இருக்கும். முதல் சில மாசங்கள்ல அதுங்க பிரிஞ்சு பிரிஞ்சு மத்த செல்லை எல்லாம் பெத்துப் போடும். பிறந்த ஒவ்வொரு செல்லும் உள்ளேயிருந்து வெளி ஓரம் வரைக்கும் நடந்து போய், தனக்குன்னு இருக்கிற இடத்துல உட்காரணும். அப்புறம்தான் பக்கத்து செல்லோட பேச ஆரம்பிக்கும். இந்த வைரஸ் நேரா அந்தத் தாய் செல்லுக்குள்ள போயிடுது. சிலது பெறுறதை நிறுத்திடும். சிலது செத்துடும், அங்கதான் இப்படி வெள்ளையா கால்சியம் படியும். பிறந்த செல்லுலயும் சிலது பாதி வழியில நின்னுடும். செல் கம்மியானா தலை சின்னதாத்தான் இருக்கும்."

அப்படியானால் எண்ணெய் வைத்து உருட்டுவதெல்லாம்?

"உருட்டாதீங்க" என்றார்.

யுவராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேலென்றுதான் தெரியவில்லை. "கட்டிங்லயே போச்சுங்களா?" என்று கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. எங்கள் தொழிலில் துணியை வெட்டும்போதே தப்பினால் தையலில் எவ்வளவு இழுத்தாலும் வராது என்று விளக்கினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க லைன்ல காலையில ஆறு பேர் வரலைன்னா என்ன பண்ணுவீங்க? லைனை நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்தறதா? ஷிப்மென்ட் இருக்குதுங்க. வந்திருக்கிற ஆளுக்குப் பிரிச்சுக் குடுப்பேன். காலர் தெக்கற ஆளத் தூக்கிச் சட்டக் கை தெக்க உக்கார வெப்பேன். தெரியாதும்பாங்க, மொறப்பாங்க. மத்தியானத்துக்குள்ள பழகிரும்."

"பீஸ் அதே அளவு வருமா?"

"கொறையும். ஆனா வரும்."

"பிறந்து முதல் ரெண்டு மூணு வருஷம் மூளையும் இதைத்தான் செய்யும். இருக்கிற செல்லு பக்கத்து வேலையையும் கத்துக்கும். முழுசா ஈடு கட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா வேலை குடுத்தாத்தான் கத்துக்கும். காது வழியா ஒண்ணுமே உள்ள போகலைன்னா அந்தப் பக்கம் சும்மா கிடக்கும். அதனால காது மெஷின் சீக்கிரம் போடணும். மருந்து ஆறு மாசம். போன செல்லை அது கொண்டு வராது, மிச்சம் இருக்கிற காது கேக்கற சக்தியும் போயிடாம பிடிச்சு வெக்கப் பார்க்கும்."

நடப்பாளா, பேசுவாளா, பள்ளிக்கூடம் போவாளா என்று யுவராஜ் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அந்தத் தெரியாது மேல் ஆத்திரம். படுத்த பிறகுதான் தோன்றியது, முடியாது என்று அவர் ஒரு தரமும் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

திங்களன்று அதே வாசல்படியேறி நான் திரும்பி வந்ததிலிருந்து பேசாத அம்மா இன்று வாய் திறந்தாள், எனக்காக அல்ல, பிள்ளைக்காக. "என்னவாம்?"

சொன்னேன். ஆரம்ப மாதங்களில் வந்தது, கிரகணம் செப்டம்பரில், அதற்குள் மூளையில் யார் எங்கே உட்காருவதென்பது முடிந்துபோன கதை. "உன்ற கெரகணத்துக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல. இனி அந்தப் பேச்ச எடுத்தீன்னா பாரு."

"அப்பறம் எதுனாலயாம்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு மாதமாக என்னை வறுத்தெடுத்தவள் எதிரில் நிற்கிறாள். ஒரு வாக்கியம் போதும்.

"வைரசு" என்றேன். மேலே விளக்கச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நவம்பர் 19, புதன்

மருந்து ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. இரத்தத்தில் வெள்ளை அணு குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டுமாம். இன்று அம்மாவும் கூட வந்தாள், முப்பதுதான் கழிந்துவிட்டதே. வெளியே உட்காரச் சொன்னேன். உட்காருகிற ஆளா அவள்.

டாக்டர் பாவம், எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். "பாட்டி, ஒண்ணு சொல்றேன். பாப்பா எச்சில்லயும் இந்த வைரஸ் இருக்கும். டயபர் மாத்தினா கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. வீட்டுக்குக் கர்ப்பமான பொண்ணுங்க யாராச்சும் வந்தா, சின்னப் பிள்ளைங்க சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட விடாதீங்க. எந்தப் பிள்ளையா இருந்தாலும். இது பெரும்பாலும் அப்படித்தான் தொத்துது."

அம்மா பிள்ளைக்குத் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்தும் அம்மா சோறு உண்ணவில்லை. பசிக்கலையாம்.

நவம்பர் 27, வியாழன்

அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். என்னை மட்டுமல்ல, யாரையும். பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றுகிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே தலை துவட்டாமல் ஈரத்தோடு வாசலில் நின்றேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மிதுனுக்குத் தனி வட்டில், தனி டம்ளர். அவன் தின்று முடித்ததும் மிச்சத்தை நாய்க்குக் கொட்டிவிட்டு, வட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறாள். மிதுனுக்கு என்ன தெரியும், பாட்டிக்கு ஊட்டப் போகிறான், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். எனக்குத் தாங்கவில்லை.

"அவன என்னத்துக்கு அழ வெக்கற?" என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த ரசஞ்சோறா?"

"எந்த ரசஞ்சோறு?"

"பொய் பேசாத."

"கம்பெனில பிள்ளைங்கள வுடற எடம் இருக்குது, தெனமும் நாலு பிள்ளையத் தூக்குவேன். பஸ்ல போனேன். கல்யாணத்துக்குப் போனேன். எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. நீ என்ன டாக்டருக்கு மேல படிச்சிருக்கியா?"

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. என் வயிற்றில் ஒரு வாய் சோறு நிற்கவேண்டுமென்று தவித்தவளை யார் குற்றம் சொன்னாலும் நான் சும்மா விடமாட்டேன். அது அவளாகவே இருந்தாலும் விடமாட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

பெயர் வைத்தோம். யாழிசை.

யுவராஜின் பெரியம்மா என் காதுபடவே, "காது கேக்காத புள்ளைக்கு வெக்கற பேரா இது?" என்றார்.

"அதுக்குத்தானுங்க வெச்சேன்" என்றேன். "நீங்க கூப்புடும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும், சத்தமாக் கூப்புடோணும்னு."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

டிசம்பர் 22, திங்கள்

வெள்ளை அணு இறங்கிவிட்டது. ஒரு வாரம் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இடது கையை வலது கைபோல அசைப்பதில்லை, எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தினமும் வேலை வாங்குகிறேன். முறைக்கிறாள். முறைக்கட்டும், நாற்பது பேர் முறைத்துப் பார்த்தவள் நான்.

ஜனவரி 8, வியாழன்

கோயமுத்தூர் போய்க் காது மெஷின் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டு காதுக்கும். ரோஸ் நிறத்தில் கேட்டு வாங்கினேன். மறைத்து வைக்கிறதுக்கு என்ன இருக்கிறது.

ஆன் செய்ததும் பிள்ளை கண்ணை அகல விரிக்கும், சிரிக்கும் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெஷினைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தாள். "பழகணும், நாளாகும், சில பிள்ளைங்களுக்கு உதவாமலும் போகும்" என்றார் அங்கிருந்தவர். பஸ்ஸில் யுவராஜ் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் அவினாசி வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போனாள்.

ஜனவரி 12, திங்கள்

ஒன்றும் இல்லை. பேசினேன். தட்டினேன். ஒன்றும் இல்லை.

அழுதேன். எழுதி வைக்கிறேன், எழுதினால் என்ன. அழுதேன், முகம் கழுவினேன், மறுபடியும் மெஷினை மாட்டினேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

அம்மா வீட்டில் எல்லோரும் கூடினோம். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, மகள் பவித்ராவோடு வந்திருந்தாள். பவித்ராவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இப்போது மூன்றாவது மாதம், வாயில் ஒன்றும் வைக்க முடியவில்லை. வந்ததிலிருந்து சுவரோரம் சுருண்டு கிடந்தாள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் கூடத்தில் யாழிசையை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினை மாட்டிவிட்டு, இடது கைக்கு எக்சர்சைஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். மிதுன் தின்று எழுந்து ஓடிவிட்டான். வட்டிலில் பாதிச் சோறு கிடந்தது. சித்தி அதை எடுத்துப் பிசைந்துகொண்டே பவித்ரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் தின்னு சாமி. பச்சப் புள்ள எச்சில், கொமட்டாது. நம்ம துளசிக்கா சுகந்திக்கு இதத்தான் குடுத்தா. அப்பிடியே நின்னுச்சில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். கையில் கரண்டி. வந்த வேகத்தில் வட்டிலை ஓங்கித் தட்டினாள். எவர்சில்வர் வட்டில் பறந்துபோய்ச் சுவரில் மோதி, சிமெண்டுத் தரையில் விழுந்து, கணகணவென்று சுற்றிச் சுற்றிப் படுத்தது. சோறு சித்தியின் புதுச் சேலையெல்லாம்.

"எச்சில்தான்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "எம்பொண்ணுக்கு நாந்தான் குடுத்தேன். தெனமும் குடுத்தேன். கெரகணமுமில்ல ஒரு மண்ணுமில்ல. இனி இந்த வூட்டுல மாசமான பொண்ணுக்கு எவளாச்சும் புள்ள மிச்சத்தக் குடுத்தீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

பஸ்சு, கம்பெனி, கல்யாணம் என்று மறுபடியும் ஆரம்பிக்க வாயெடுத்தேன். அப்போதுதான் மடியில் ஏதோ நடப்பது தெரிந்தது.

யாழிசை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டாள். இடது கையும் சேர்ந்துதான். முகம் சிவந்து, உதடு கோணி, வீறிட்டு அழுதாள்.

"புள்ள எதுக்குடி அழுகறா?" என்றாள் அம்மா. கோபம் இன்னும் குரலில் இருந்தது.

"சத்தத்துக்கு."

"என்னது?"

"வட்டில் சத்தத்துக்கும்மா. பயந்துட்டா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள், மெதுவாக, சத்தம் வராமல்.

"மறுக்காப் போடு" என்றேன்.

"அழுகறாடி."

"அழுகட்டும். முதுகுப் பக்கம் நின்னு போடு, அவ உன்னயப் பாக்கக் கூடாது. போடும்மா."

அம்மா வட்டிலைப் பொறுக்கி, என் பின்னால் வந்து நின்று, போட்டாள். என் மகள் மறுபடியும் தூக்கிவாரிப்போட்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதாள். பவித்ராகூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்த யுவராஜ் என்னவோ என்று ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"இப்பிடி அழுக வுட்டுட்டு வேடிக்க பாக்கறா பாரு, இவளும் ஒரு ஆத்தாளாட்டம்" என்று அம்மா திட்ட ஆரம்பித்தாள். "தோள்ல போடுடி. தலையப் புடி. உன்ற தலையில என்னத்துக்குடி இத்தன ஈரம், துவட்டறதுக்கென்ன கேடு?" நிறுத்தவேயில்லை. சித்தியை, அண்ணனை, பால்காரரை, போன வாரம் வராத கேஸ்காரரை, எல்லோரையும் சேர்த்துத் திட்டினாள். யாழிசை அந்தக் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பினாளா, தோள் மாறியதில் திரும்பியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

வட்டில் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. கழுவித் துடைத்து, யாழிசையின் மருந்துப் பையோடு வைத்திருக்கிறேன்.